மூன்று கை மாறிய பிஸ்டன்

ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று நாலு தடவை பார்த்தவனுக்கு அது தனக்கும் தெரியும் என்றுதான் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றிய வயதில்தான், பிள்ளைகளே, உங்கள் உம்மாவை எனக்குக் கல்யாணம் பேசினார்கள்.

உம்மாவின் வாப்பா, அதாவது என் மாமா, பல்லேபொலையில் ஹயர் கார், அதாவது வாடகைக் கார், ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கார்தான் வீட்டுக்குச் சோறு. அது புகை கக்கத் தொடங்கியதும், மாத்தளை கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்த நான், "இஞ்சின நானே இறக்கிச் செஞ்சு தாறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். (யாரும் கேட்கவில்லை.)

"செய்ங்க தம்பி. கார் ஓடினா கல்யாணத்த பேசுவோம்" என்றார்.

எல்லாம் ஒழுங்காகக் கழன்றது. பூட்டும்போதுதான் வினை. பிஸ்டனையும் அதன் தண்டையும் சேர்க்க, கஜன் பின் என்று சின்னதாய் ஓர் உருக்குக் குழாய் இருக்கிறது. புதியது என்பதால் சரியான இறுக்கம். பிஸ்டனைக் கொதிநீரில் போட்டெடுத்தால் அதன் துளை மயிரிழை அளவு விரியும், பின் உள்ளே போகும். கராஜில் பார்த்திருக்கிறேன்.

கொதிநீர் இருந்தது குசினியில். குசினியில் உங்கள் உம்மா. கல்யாணம் ஆகும்வரை நான் அவளைப் பார்க்கக் கூடாது என்று நடுவில் திரை. ஆகவே அவள் பிஸ்டனைத் தட்டில் வைத்து மாமியிடம் கொடுத்தாள். மாமி அதை அழகாகத் துடைத்து மாமாவிடம் கொடுத்தார். மாமா, "தம்பிக்கு சுடும்" என்று நன்றாக ஊதி என்னிடம் கொடுத்தார்.

பின் பாதியில் நின்றது. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. சுத்தியலால் தட்டினேன். பிஸ்டனில் கீறல் விழுந்து பாழாகிவிட்டது.

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டவுன்ல பழசு ஒண்ணு தேடி எடுக்கலாம் தம்பி. அதுவும் போனா, காரும் இல்ல, சம்பந்தமும் இல்ல."

தேடி எடுத்து வந்தோம். மறுபடி கொதிநீர். மாமி மறுபடி துடைக்கத் துணி தேடும்போது திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வாப்பா, நீங்க ஊதி ஊதி ஆற வச்சிட்டு அவர்ட வேலையில பிழை சொல்றீங்களே. நானே கொண்டு வரவா?"

மாமா என்னைப் பார்த்தார். கட்டைமேல் ஏற்றிவைத்திருந்த காரைப் பார்த்தார்.

"முக்காட்ட போட்டுட்டு வா மகள்."

நீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நீட்டினாள். என் பெருவிரலால் தள்ளியதற்கே, விரலில் மோதிரம் போவதுபோல் பின் வழுக்கிக்கொண்டு போனது. பிஸ்டன் ஆறியதும் அதே பின்னை இறுகப் பிடித்துக்கொண்டது. இழுத்தேன், அசையவில்லை. அலுமினியம் உருக்கைவிட அதிகம் விரியும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று வாயைப் பிளந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பாருங்க, இனி வராது" என்று அவளிடமும் காட்டினேன். உங்கள் உம்மாவிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கார் ஓடியது. கல்யாணமும் நடந்தது. ஆனால் இன்றும் யாராவது விருந்துக்கு வந்தால் உங்கள் உம்மா கேட்பாள்: "அண்டைக்கி நான் என்ன நிறத்துல முக்காடு போட்டிருந்தேன்?"

எனக்குத் தெரியாது. ஒருமுறை துணிந்து, சிவப்பு என்றேன்.

"அது பிஸ்டன புடிச்சிருந்த கைத்துணி" என்றாள்.