பிரியந்திக்கு ஓட்டிசம்

என் மனைவி பிரியந்திக்கு ஓட்டிசம் இருக்கிறது என்று நான் கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இப்படிப்பட்ட விஷயத்தை மெதுவாக, மனம் நோகாமல், நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது புதன்கிழமை. அதற்கிடையில் சொல்லிவிட்டேன்.

குற்றம் என்னுடையதல்ல. அவள்தான் தொடங்கினாள். மனுகாவில் ஒரு பள்ளிக்கூடத்தில், படிக்கச் சிரமப்படுகிற பிள்ளைகளின் வகுப்பில் ஆசிரியைக்கு உதவியாளராக அவள் வேலை செய்கிறாள். 1998ஆம் ஆண்டு. அன்று அங்கே ஒரு பெண் டொக்டர் வந்து ஓட்டிசம் பற்றிப் பேசினாராம். பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, வளர்ந்த ஆட்களுக்கும் இருக்குமாம். உத்தியோகம், குடும்பம், லின்ஃபீல்டில் வீடு என்று எல்லாம் வைத்துக்கொண்டு, தங்களுக்கு இருப்பது தெரியாமலே வாழ்வார்களாம்.

"லின்ஃபீல்ட் எண்டு டொக்டர் சொன்னவவோ?"

"இல்லை. அது நான் சொன்னது."

எங்கள் வீடும் லின்ஃபீல்டில்தான். நான் ஒரு கம்பனியில் கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் வரைகிறவன். எங்கே அடைத்திருக்கிறது என்பதை வெளியிலிருந்தே கண்டுபிடிப்பது எனக்கு விருப்பமான வேலை. அடையாளங்கள் என்னவென்று கேட்டேன். பிரியந்தி கத்தரிக்காய் வெட்டியபடி சொன்னாள்.

"மற்ற ஆக்களின்ர மனசில என்ன ஓடுது எண்டு பிடிபடாதாம்."

யோசித்துப் பார்த்தேன். கலியாணம் முடித்துப் பதினாலு வருடம். வீட்டுக்கு ஆட்கள் வருவது எனக்குப் பிடிக்காது என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"பிறகு?"

"ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் செய்வினமாம்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறாள்.

"சத்தம், வெளிச்சம், சனக்கூட்டம். இதுகள் கனபேருக்கு ஒத்துவராதாம். சிலபேருக்கு அளவுக்கு மிஞ்சித் தேவைப்படுமாம்."

சனக்கூட்டம் இல்லாத சனிக்கிழமைகளில் அவளுக்குத் தலையிடி வரும்.

"கதைக்கிற விதமும் கொஞ்சம் வித்தியாசமாம்."

இதற்கு நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. 'எனக்கு ஒண்டுமில்லை' என்று சொல்லிவிட்டு நாட்கணக்கில் பேசாமல் இருக்கிறவள் அவள். ஒன்றுமில்லை என்றால் பேசலாமே. பேச முடியாதென்றால் ஏதோ இருக்கிறதுதானே. மற்ற நேரங்களில் என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். முகம் குடுத்துக் கதையுங்கோ. காது குடுத்துக் கேளுங்கோ. மனம் விட்டுச் சொல்லுங்கோ. முகத்தையும் காதையும் கொடுத்து, மனத்தையும் விட்டுவிட்டால், மிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் எப்படி வேலைக்குப் போவது?

"பிரியந்தி, உமக்கு ஓட்டிசம்" என்றேன்.

கத்தி நின்றது.

"எனக்கோ?"

"ஓம். எல்லாம் பொருந்துது."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மறுபடி வெட்டத் தொடங்கினாள்.

"இருக்கும். நானும் சில நேரம் யோசிக்கிறனான்."

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. மழை பெய்கிறது என்று நான் சொன்னால்கூட யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓம் சொல்கிறவள் அவள்.

"அப்ப அந்த டொக்டரிட்டப் போய்க் காட்டுவம்."

"நான் மாட்டன். எனக்கு வெக்கம். என்னைக் கட்டி இழுத்துக்கொண்டு போனாலும் வரமாட்டன்."

மகள் றெபேக்காவிடம் ஆலோசனை கேட்டேன். பன்னிரண்டு வயது. நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும்.

"பிள்ளை, அம்மாவுக்கு ஓட்டிசம் எண்டு நினைக்கிறன்."

"டாட், ஆர் யூ சீரியஸ்?"

"ஓம்."

"மம்?"

"ஓம்."

அவள் கட்டிலில் விழுந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பாசமான பிள்ளை. கலங்காதே என்று முதுகில் தட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

வழி காட்டியது நவரத்தினம் அண்ணை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். வேலியோரம் நின்றவரிடம், ஓராளை அந்த ஆளுக்கே தெரியாமல் டொக்டரிடம் எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டேன்.

"லேசு" என்றார். "என்ர மனிசி தனக்குப் பல்லுக்கொதி எண்டு சொல்லி என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனவ. அங்க போனாப் பிறகு பார்த்தா கதிரையில இருக்கிறது நான். நாலு பல்லுப் போட்டுது."

"உங்களுக்குச் சந்தேகம் வரேல்லையோ?"

"வந்தது. அப்ப வாய்க்குள்ள குறடு."

அண்ணையின் அப்பாவித்தனத்தை நினைக்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் வழி நல்ல வழி. அன்று பின்னேரமே பிரியந்தியிடம் சொன்னேன்.

"உமக்கில்லை. எனக்குத்தான் இருக்குமோ எண்டு ஒரு சந்தேகம். நான் போய்க் காட்டப் போறன். நீர் துணைக்கு வாரும்."

"உங்களுக்கோ? உங்களுக்கென்ன குறை?" என்றாள். இதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "ஆனா நீங்கள் போறதெண்டா நான் வராம விடுவனே."

அவளை ஏமாற்றுவது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் இவ்வளவு காலத்தில் எத்தனையோ செய்திருக்கலாம்.

டொக்டரின் பெயர் ஹாரியட். மனுகாவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவருடைய அறை. முன்கூட்டியே போன் எடுத்து உண்மையைச் சொல்லிவிட்டேன். நோயாளி என்று வருவது நான்; பார்க்க வேண்டியது என் மனைவியை; அவளுக்கு இது தெரியக்கூடாது. "கிளறன்ஸ் என்றீர்களா?" என்று டொக்டர் என் பெயரை இன்னொரு தரம் கேட்டார். பிறகு, "அப்படியானால் அவருக்குச் சந்தேகம் வராதபடி எல்லாக் கேள்வியையும் உங்களிடமே கேட்கிறேன். உங்களுக்குச் சம்மதமா?" என்றார். கெட்டிக்கார மனுசி என்று நினைத்துக்கொண்டேன். சம்மதம் என்றேன்.

என் திட்டம் எளிமையானது. எனக்குப் பொய் சொல்ல வராது. ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்வது. சாதாரணமான ஒரு மனிதன் உண்மையைச் சொன்னால் அதில் என்ன பிடிபடப்போகிறது? என்னிடம் ஒன்றும் அகப்படாமல் டொக்டர் பிரியந்தியின் பக்கம் திரும்புவார். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

அறைக்குள் போய் இருந்ததும், அந்த ட்யூப் லைட்டை அணைக்க முடியுமா, இரைகிறது என்று கேட்டேன். தனக்குக் கேட்கவில்லை என்றார் டொக்டர். பிரியந்தியும் தனக்குக் கேட்கவில்லை என்றாள். இரண்டு பேருக்கும் காதில் பிழை. ஆனால் நாங்கள் வந்தது காதுக்கல்ல, அதனால் விட்டுவிட்டேன். டொக்டர் லைட்டை அணைத்தார்.

"வேலையிடத்தில் மத்தியானம் யாருடன் சாப்பிடுவீர்கள்?"

"தனிய. எதிரில் ஆள் இருந்தால் சப்புகிற சத்தம் கேட்கும்."

"விருந்துகளில்?"

"விருந்தில் நன்றாகப் பழகுவேன்" என்றேன். "போன மாதம் சான்ட்ரிங்ஹாமில் ஒரு பிறந்தநாள். பக்கத்தில் இருந்தவருக்குக் கழிவுநீர்க் குழாய் எந்தச் சரிவில் போக வேண்டும், சரிவு கூடினால் என்ன நடக்கும், குறைந்தால் என்ன நடக்கும் என்று எல்லாம் விளங்கப்படுத்தினேன். கேக் வெட்டி முடியும்வரை அவர் இடத்தைவிட்டு எழும்பவில்லை."

"அவருக்குக் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது" என்றாள் பிரியந்தி.

நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

கேள்விகள் தொடர்ந்தன. பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு என்ன செய்வேன் என்று கேட்டார். சுவரோடு நின்று மற்றப் பையன்கள் விளையாடுவதைப் பார்ப்பேன் என்றேன். ஏன் சேரவில்லை என்று கேட்டார். எப்படிச் சேருவது என்று தெரியாது என்றேன். அவர்களுக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அவர்கள் என்னைவிடத் துணிந்தவர்கள் என்று நினைத்திருந்தேன். டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். அவர்களுக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை என்றார். இதை எனக்கு இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அப்போதுதான் டொக்டர் பிரியந்தியின் பக்கம் திரும்பினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு எது கஷ்டமாக இருந்தது?"

பிரியந்தி கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என் அப்பா கொழும்பில் செத்துப்போனார்" என்றாள். "ஆறு வருடத்துக்கு முதல், ஒரு ஞாயிற்றுக்கிழமை. போன் வந்தது. நான் நிலத்தில் இருந்து அழுகிறேன். இவர் என்னைப் பார்த்தார். பிறகு கராஜுக்குப் போய்க் காரைத் திருத்தத் தொடங்கினார். பொழுதுபடும்வரை உள்ளே வரவில்லை. என் அழுகையைக் கேட்க இவருக்கு விருப்பமில்லை என்று விளங்கிக்கொண்டேன். பிறகு இவருக்கு முன்னால் நான் அழுததில்லை."

இதில் ஒரு தவறு இருந்தது. தவறுகளைத் திருத்தாமல் விடுவது எனக்கு முடியாத காரியம்.

"றேடியேற்றரில் ஒழுக்கு" என்றேன். "உமக்கு அடுத்த நாள் விடிய ஃபிளைட். ஏர்போர்ட்டுக்குப் போற வழியில கார் நிண்டா நீர் அப்பாவின்ர முகத்தைப் பார்த்திருக்கமாட்டீர். ஞாயிற்றுக்கிழமை கார் திருத்துற கராஜ் ஒண்டும் திறந்திருக்காது. கழட்டி நானே ஒட்டினனான். அதுக்குத்தான் அவ்வளவு நேரம் போனது."

தமிழில் சொல்லியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் அதை அப்ப எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாள் பிரியந்தி.

"நீர் அழுதுகொண்டிருந்தீர். அழுகிற ஆளோட றேடியேற்றர் பற்றிக் கதைக்கக்கூடாது."

அவள் அழத் தொடங்கினாள். அதோடு சிரித்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அங்கே திருத்துவதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. அதனால் பக்கத்தில் அப்படியே இருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாகத்தான் பிடித்தாள். இறுக்கம் எனக்குப் பிடிக்கும், மெதுவாகத் தொட்டால்தான் கூசும். அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன்.

இன்னும் சில தடவை போக வேண்டியிருந்தது. சிட்னியில் இருக்கிற என் அக்கா செல்வநாயகியோடும் டொக்டர் போனில் பேசினார். நான் சின்ன வயதில் எப்படி என்று கேட்டாராம். மனைவியின் விஷயத்துக்கு என் சின்ன வயது எதற்கு என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. நல்ல டொக்டர்கள் எல்லாப் பக்கமும் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

கடைசி நாளில் டொக்டர் தெளிவாகச் சொன்னார். "ஓட்டிசம்தான். எனக்குச் சந்தேகமில்லை."

"நான் நினைத்தேன்" என்றேன். "பிரியந்தி பயப்படாதபடி எடுத்துச் சொல்லுங்கள்."

"கிளறன்ஸ், உங்களுக்கு" என்றார் டொக்டர்.

ட்யூப் லைட் அணைந்துதான் இருந்தது. ஆனாலும் எனக்கு இரைகிற மாதிரி இருந்தது. பிரியந்தியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. முகங்களில் எனக்கு நிச்சயமாகத் தெரிகிற ஒன்று உண்டென்றால் அது ஆச்சரியம்தான். புருவம் மேலே போகும். அவளுடைய புருவம் இருந்த இடத்தில் இருந்தது.

"நீங்கள் எனக்குப் போன் எடுத்ததற்கு முதல்நாளே உங்கள் மனைவி எடுத்திருந்தார்" என்றார் டொக்டர். "'அவருக்கு இருக்கிறது என்றால் அவர் வரமாட்டார், எனக்கு இருக்கிறது என்றால் எப்படியும் வருவார்' என்று சொன்னார்."

நான் சுவரோடு நின்ற பையனை நினைத்துக்கொண்டேன். அவனுக்குத் துணிவு குறைவில்லை. அதை யாராவது அவனிடம் போய்ச் சொன்னால் நல்லது என்று இருந்தது. பிறகு, அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று விளங்கியது. நெஞ்சுக்குள் ஏதோ இலேசாகியது. அதற்குப் பெயர் என்னவென்று டொக்டரிடம் கேட்டேன். ஆறுதலாக இருக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் காரை நான்தான் ஓட்டினேன். பிளொக்ஹவுஸ் பே வந்துவிட்டது. அதற்குள் எனக்கு ஒரு பெரிய உண்மை வெளித்துவிட்டது. இதில் எனக்கு நட்டமே இல்லை.

"பிரியந்தி, டொக்டரே சொல்லிப்போட்டா. சனக்கூட்டம் எனக்கு ஒத்துவராது."

"ஓம். பாவம் நீங்கள். இவ்வளவு நாளும் உங்களை வதைச்சுப்போட்டன். இனிச் சனிக்கிழமையில நீங்கள் வந்து ஆக்களோட இருக்கத் தேவையில்லை."

பதினாலு வருடத்தில் நான் வாதாடி வென்ற முதல் வழக்கு இது. கியரை மாற்றினேன்.

"டொக்டர் இன்னொண்டும் சொன்னவ" என்றாள். "உங்களுக்குச் சாடைமாடையாச் சொன்னா விளங்காதாம். எதையும் நேரடியா, விளக்கமாச் சொல்லோணுமாம்."

"மெத்தச் சரி. அப்பிடித்தான் சொல்லோணும்."

"அப்ப நேரடியாச் சொல்லுறன். வாற சனிக்கிழமை இருபது பேர் வருகினம். நீங்கள் ஹோலுக்கு வரவேண்டாம். குசினிக்குள்ள இருங்கோ. அங்க சனமும் இல்லை, சத்தமும் இல்லை. முதல்ல அந்தப் பை வெங்காயம் முழுக்க உரியுங்கோ. பிறகு றாலைத் துப்பரவாக்குங்கோ. ஆக்கள் சாப்பிட்டு முடிய முடியக் கோப்பையைக் கழுவுங்கோ. எல்லாம் முடிஞ்சாப் பிறகு சட்டி பானை. விளங்குதோ?"

பதினாலு வருடமாக அவள் சொன்ன வேலைகளில் பாதி, எனக்கு விளங்காத காரணத்தாலேயே என்னிடமிருந்து தப்பியிருக்கிறது. இது முழுவதும் விளங்கிவிட்டது.