முகம் போட்ட ஃபோல்டர்

ஃபோல்டரின் மேல் தன் முகம் வரவில்லை என்பதுதான் அந்தச் சனிக்கிழமை காலையில் அருமைநாயகத்தின் துக்கம்.

முகம் தயாராகத்தான் இருந்தது. துறைமுகத்திலிருந்து ஓய்வுபெற்ற அன்று கோட்டு மாட்டி எடுத்த படம். கோட்டு மட்டும் பக்கத்து நாற்காலிக்காரருடையது. கம்ப்யூட்டரில் மஞ்சள் மஞ்சளாக வரிசை கட்டி நிற்கிற ஃபோல்டர்களுக்கு நடுவே தன்னுடையது மட்டும் கோட்டுப் போட்டு நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்கு ‘கஸ்டமைஸ்’ என்று ஒரு பக்கம் வரும் என்று கேள்வி. திறந்து பார்த்தால் ‘ஜெனரல்’ இருக்கிறது, ‘ஷேரிங்’ இருக்கிறது, கஸ்டமைஸைக் காணோம்.

கம்ப்யூட்டர் கடை டிக்சனுக்குப் போன் போட்டார்.

“ஏலே டிக்சன், எல்லாருக்கும் வருதாம், எனக்கு மட்டும் கஸ்டமைஸ் வரமாட்டேங்கு.”

“எந்த ஃபோல்டர் அண்ணாச்சி?”

“என் பேருல உள்ள ஃபோல்டர்.”

“நீங்க புதுசா உண்டாக்குனதா?”

“உண்டாக்கல. டாக்குமெண்ட்ஸ்னு ஒண்ணு சும்மா கெடந்துது. அதுக்கு என் பேரு வச்சேன்.”



“அண்ணாச்சி, அது கம்ப்யூட்டரோட சொந்த ஃபோல்டரு. பேர மாத்த விடும், மூஞ்சிய மாத்த விடாது. அதுக்குள்ளயே தனியா ஒண்ணு உண்டாக்கி, ஒங்க சரக்க அதுல தூக்கிப் போடுங்க. தன்னால கஸ்டமைஸ் வரும்.”

செய்தார். வந்தது. கோட்டுப் போட்ட அருமைநாயகம் திரையில் தோன்றி அருமைநாயகத்தைப் பார்த்தார். இருவருக்கும் திருப்தி.

உள்ளே இருந்த சரக்கு ஏழு பக்கம். அவருடைய ஜீவிய சரித்திரம்.

நாசரேத்து வட்டாரத்தில் ஒரு மனிதன் எப்பேர்ப்பட்டவன் என்பது அவனுடைய அடக்க ஆராதனையில்தான் தெரியவரும். சவப்பெட்டியை நடுவில் வைத்து, ஒருவர் எழுந்து நின்று, பிறப்பு முதல் இறப்பு வரை வாசிப்பார். கூட இருந்து குடித்தனம் நடத்தியவர்களுக்கே பல சங்கதிகள் அன்றைக்குத்தான் காதில் விழும். அருமைநாயகத்தின் அண்ணனுக்கு இரண்டே நிமிடத்தில் வாசித்து முடித்துவிட்டார்கள். இரண்டு நிமிடத்தில் முடிகிற வாழ்க்கையா நம்முடையது என்று யோசித்தவர், மூன்று வருடத்துக்கு முன்னாலேயே தன்னுடையதைத் தானே எழுதிவைத்தார். மகன் ஷாமை நம்ப முடியாது. அவன் கப்பலில் இருக்கிறான். ஊரில் இருந்தாலும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதமாட்டான்.

“துறைமுகத்துக்குள் சென்ற ஒவ்வொரு சரக்கும் அன்னாரின் பார்வையைக் கடந்தே சென்றது” என்று முதல் பக்கத்தில் இருந்தது. பொய்யில்லை. லாரிகளின் பாஸில் சீல் குத்துகிற வேலை அவருக்கு.

“இலாகாத் தேர்வைச் சுயமுயற்சியால் வென்றார்.” மூன்று மாதம் சாயங்காலந்தோறும் எதிரே உட்கார்ந்து சதவீதக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் மனைவி ஜெயபாய். சாயர்புரத்துப் பெண். முப்பத்து நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள்.

“படுக்கையில் கிடந்த தாயாரைப் பதினோரு ஆண்டு கண்ணின் மணிபோல் காத்தார்.” காலையும் மாலையும் வாசற்படியில் நின்று “அம்மா சாப்பிட்டாச்சா?” என்று அவர் கேட்டது உண்மை. சில நாள் பதிலுக்கும் நின்றிருக்கிறார். படுக்கை விரிப்பை மாற்றி, மலச்சட்டி எடுத்து, குளிப்பாட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது யார் என்பது ஏழு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

ஜெயபாய் வராமல் இல்லை. நாலாம் பக்கத்தில் “ஜெயபாய் என்பாரை மணந்து,” என்று அரை வரி வருகிறாள். கமாவுக்கு அப்புறம் துறைமுகக் கேட்டுக்குப் புதுத் தடுப்புக் கம்பி போட்ட விவரம் தொடங்கிவிடும்.

அநியாயம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் வாசிக்கிற அன்று அவள் பெட்டிக்குப் பக்கத்தில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருப்பாள். எழுந்து நின்று மறுத்துப் பேசுகிற இடம் அது இல்லை. அதுவரைக்கும் அவள் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். பட்டால், மிச்ச நாள் முழுக்க அந்தக் கணக்கு டீச்சர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும்.

தன் முகத்தை இன்னொரு தடவை ரசித்துவிட்டு மூடப் போனவர், பக்கத்தில் இருந்த ‘ஷேரிங்’ மேல் கை தவறி அமுக்கிவிட்டார். பெட்டி ஒன்று திறந்தது. மேலே அவர் பெயர். அதற்குக் கீழே ‘எவ்ரிஒன்’. அதற்கு நேரே ‘ரீட்’.

மறுபடியும் போன்.

“ஏலே, எவ்ரிஒன்னா யாரு?”

“எல்லாரும்தான் அண்ணாச்சி.”

“எந்த எல்லாரும்?”

“ஒங்க வீட்டு வைஃபைல இருக்க எல்லாரும். ஷாம் இந்தக் கம்ப்யூட்டர மாட்டிக்குடுத்த அன்னைக்கே எல்லாத்தையும் எல்லாருக்கும் தெறந்துவிட்டுட்டுப் போயிருப்பான்.”

அவர் வீட்டு வைஃபையில் அவரைத் தவிர இரண்டே பேர்தான். ஒன்று, வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கும் மருமகள் ஜெப்ஸி. இன்னொன்று, தொடுதிரை டேப்பில் வேதப்பாடம் படிக்கும் ஜெயபாய். உலகத்தில் அவர் பயப்படுகிற எல்லாரும் அதற்குள் அடக்கம்.

“இத இப்பமே அடைக்கணும். சொல்லு, சீக்கிரம் சொல்லு.”

“கடையில ஆள் நிக்காங்க அண்ணாச்சி. ரீட்டுக்கு நேர சின்னதா அம்புக்குறி இருக்கா? அத அமுக்கினா மூணு வரும்…”

“போதும், போதும். முப்பத்தி மூணு வருசம் சர்வீசு பாத்தவன்ட்ட மூணச் சொல்லிக்குடுக்காத.” போனை வைத்துவிட்டார்.

மூன்று வந்தது. ரீட் என்றால் படிப்பது. படிக்கத்தானே கூடாது? ஆகவே அதை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததை அமுக்கினார். ‘ரீட் ரைட்.’ எழுதியவர் அவர், ஆகவே ரைட் தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார். மூன்றாவதாக இருந்த ‘ரிமூவ்’ பக்கம் அவர் போகவே இல்லை. தன் விஷயத்தில் எதையும் ரிமூவ் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

இரண்டு நிமிடத்தில் மாடியிலிருந்து ஜெப்ஸியின் குரல் வந்தது.

“மாமா, என் லேப்டாப்ல ஒங்க போட்டோ தெரியுது. கோட்டெல்லாம் போட்டிருக்கீங்க.”

“அது வைரஸும்மா! தொறந்துராத!”

“வைரஸா? அப்ப அழிச்சிரட்டா?”

“அழிச்சிராத!”

“ஏன் மாமா?”

“நல்ல வைரஸு” என்றார்.

ஜெப்ஸி மேலே ஒன்றும் கேட்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. முகம் போட்டிருப்பதால்தானே கண்ணில் படுகிறது? சரி, பெயரையாவது மாற்றுவோம். இந்த வீட்டில் யாரும் எட்டிக்கூடப் பார்க்காத பெயராக வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆளில்லாத முன்வரிசையில் உட்காருகிற அனுபவம் கைகொடுத்தது. ‘ஜெபக் குறிப்புகள்’ என்று மாற்றினார். இனி ஒரு மனுசன் தொடமாட்டான்.

“அத்தே!” ஜெப்ஸியின் குரல் இந்தத் தடவை ஹாலை நோக்கி இறங்கியது. “மாமா ஜெபக் குறிப்பெல்லாம் எழுதி வச்சிருக்காங்க! தன் படம் போட்டு!”

ஹாலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்த ஜெயபாய் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “ஒங்க மாமாவா? நல்லதாப் போச்சு. மத்தியானம் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு நான் ஒண்ணுமே எழுதல. பிரிண்ட் குடு, அங்க வச்சு வாசிச்சிருதேன்.”

அருமைநாயகம் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு பெண் பார்க்கக்கூடாது என்று மூடிய சங்கதியை நாற்பது பெண்கள் கண்ணை மூடிக் கேட்கப் போகிறார்கள். நாற்பதில் பத்துப் பேராவது அவருடைய அம்மா கிடந்த கிடையை வந்து பார்த்தவர்கள்.

“வேண்டாம் ஏளா! அது இன்னும் முடியல!”

“ஜெபத்துல என்ன முடிய இருக்கு?”

“திருத்தணும்!”

“நான் திருத்திக்கிடுதேன்.” நோட்டுத் திருத்தியே பழகியவள்.

மேலே ஜெப்ஸி பிரிண்ட் கொடுத்துவிட்டாள். பிரிண்டர் ஹாலில், ஷோகேஸ் மேல், ஜெயபாயின் தலைக்கு நேரே இருந்தது. கறகறவென்று தொண்டையைச் செருமியது.

அருமைநாயகம் போனை எடுத்தார். “டிக்சன், பிரிண்டர நிறுத்தணும்!”

“நீங்க போன வச்ச வேகத்துல பயந்துபோய் கெளம்பி, ஒங்க தெருவுலதான் வாரேன் அண்ணாச்சி. வீட்டு வாசலுக்கே வந்துட்டேன். அதுவரை ஒண்ணையும் அமுக்காதீங்க.”

அமுக்காமல் எப்படி இருப்பது? திரையில் பிரிண்டர் படம் ஒன்று கண்ணில் பட்டது. அதை அமுக்கினால் நிற்கும் என்று அமுக்கினார். நிற்கவில்லை. நன்றாக அழுத்தி இன்னொரு தடவை அமுக்கினார். முதல் பிரதி பாதி வருவதற்குள் இரண்டாவது பிரதியும் மூன்றாவது பிரதியும் வரிசையில் வந்து நின்றன. துறைமுகக் கேட்டில்கூட இவ்வளவு ஒழுங்காக லாரிகள் நின்று அவர் பார்த்ததில்லை.

டிக்சன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே ஓடிவந்தான். “ரிமூவ அமுக்கச் சொன்னேம்லா அண்ணாச்சி?”

“எப்பலே சொன்ன?”

“சொல்லதுக்குள்ள வச்சிட்டீங்க.”

“இப்பமாவது ஏதாச்சும் செய்யி!”

டிக்சன் நேரே ஹாலுக்குப் போய்ப் பிரிண்டரின் ஒயரைப் பிடுங்கினான். ஆனால் முதல் ஏழு பக்கமும் அதற்குள் வெளியே வந்துவிட்டன. ஜெயபாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கின் நுனியில் இருந்தது.

அருமைநாயகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா படுத்திருந்தபோது நின்ற அதே தோரணை.

ஒன்று, இரண்டு, மூன்று. நாலாம் பக்கத்தில் அவள் கை நிற்கிறதா என்று பார்த்தார். நிற்கவில்லை. மற்றப் பக்கங்களுக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவுதான் அதற்கும். ஏழையும் படித்து, மேசையில் தட்டி ஓரம் சமமாக்கி, அவரிடம் நீட்டினாள்.

“இந்தாங்க. அஞ்சாம் பக்கத்துல மை மங்கலா விழுந்திருக்கு. கூட்டத்துக்கு இது ஆகாது, நான் வேற எழுதிக்கிடுதேன்.”

“படிச்சியா?”

“படிச்சேன்.”

“எப்படி இருக்கு?”

“நல்லா எழுதியிருக்கீங்க.”

கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். அடுப்படியில் கடுகு வெடித்தது. வேறொன்றும் வெடிக்கவில்லை. இன்னொரு நிமிடம் நின்றார். குறுக்கிய தோள் மெல்ல விரிந்தது. விரிந்து, கோட்டுப் படத்தில் இருந்த அகலத்துக்கு வந்தது.

“அண்ணாச்சி, இப்ப ஷேரிங்க எடுத்துவிட்ரட்டா?” என்றான் டிக்சன்.

“எதுக்கு? கெடக்கட்டும். நம்மட்ட மறைக்க என்ன இருக்கு?”

“காலையில இருந்து அதுக்குத்தான அண்ணாச்சி…”

“அது காலையில. நான் ஒண்ணும் களவாண்டு எழுதல டிக்சன். வாழ்ந்ததத்தான் எழுதியிருக்கேன். முடிஞ்சா இன்னும் ரெண்டு படம் சேத்து, பின்னால திரைச்சீலை மாதிரி ஏதாச்சும் வைக்க முடியுமான்னு பாரு.”

டிக்சன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். தன் பேச்சைக் கேட்பதற்கு அருமைநாயகத்துக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. சத்தம் கேட்டு ஜெப்ஸி மாடிப்படியில் இறங்கி வந்தாள்.

“பாத்தியாம்மா ஒங்க அத்தைய?” என்றார் அவளிடம். “வேற பொம்பளையா இருந்தா இந்நேரம் வீட்ட ரெண்டாக்கியிருப்பா. அரை வரிதான எழுதியிருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டாளா? கேக்கமாட்டா. எனக்குக் கெடச்ச பேரே தனக்குக் கெடச்ச பேருன்னு நினைக்கிறவ. அம்பது வருசத்துக்குக் கிட்ட கூட வாழ்ந்திருக்கோம்லா, அந்தப் பக்குவம். முத தடவையா படிக்கா. மொகத்துல ஒரு சுளிப்பு உண்டா, சொல்லு?”

அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஜெப்ஸி குரலைத் தாழ்த்தினாள்.

“முத தடவை இல்ல மாமா, மூணு வருசத்துக்கு முன்னால நீங்க எழுதி முடிச்ச அன்னைக்கே அத்தை டேப்ல படிச்சிட்டாங்க, மறுநாளே என்னையும் கூட்டிக்கிட்டு சாயர்புரம் போய், அவங்க அம்மா கல்லறைக்குப் பக்கத்துல தனக்கு மட்டும் ஒரு எடம் எழுதி வச்சிட்டு வந்துட்டாங்க.”