மாலிப்டினத்துக்குப் பெண் பார்த்த கதை

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றாதவர்கள்கூட இருக்கலாம். எங்கள் மாலிப்டினத்திடம் மாட்டாமல் தப்பித்தவர் ஒருவரும் கிடையாது. லாட்ஜில் என் அறைக்கூட்டாளி, டுடோரியலில் கெமிஸ்ட்ரி மாஸ்டர். டீசலிலிருந்து கந்தகத்தைப் பிரிப்பது பற்றி ஆராய்ச்சி செய்யப் போய்ப் பாதியில் திரும்பியவன். ஆராய்ச்சிதான் நின்றதே தவிர பேச்சு நிற்கவில்லை. அந்தப் பிரிக்கிற வேலைக்கு உதவும் உலோகத்தின் பெயரையே அவனுக்கு வைத்துவிட்டோம்.

பௌர்ணமிக்கு ஸ்பெஷல் பஸ்கள் புகை கக்கிக்கொண்டு வரும். ஜனம் இறங்கிக் கோபுரத்தைக் கும்பிடும். இவன் சைலன்சரிடம் மூக்கை நீட்டி, "ஜாஸ்தி" என்பான். கந்தகத்தைச் சொல்கிறானாம்.

இந்த வாயாலேயே மூன்று சம்பந்தம் கெட்டது. நாலாவது கீழ்பென்னாத்தூரில். இதுவும் போனால் இனிமேல் பெண் தேட முடியாது என்று வீட்டில் கையை விரித்துவிட்டார்கள். அவன் ஆரம்பித்தால் தொடையைக் கிள்ளுவதற்காகவே என்னைக் கூட்டிப்போனான்.

பெண்ணின் அப்பா சும்மா இருக்கக்கூடாதா? என்ன ஆராய்ச்சி என்று கேட்டுத் தொலைத்தார். கிள்ளினேன். எழுந்தே நின்றுவிட்டான்.

அப்புறம் நடந்தது கூத்து. உறவுக்காரர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, ஓரத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டான். பெஞ்சு, மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த சல்பைடு. ஏற்கெனவே முகத்தைத் தூக்கி வைத்திருந்த பெண்ணின் தாய்மாமன்தான் எண்ணெயில் வரும் கந்தகம். அவர் இரண்டு கையையும் பிடித்திருந்த பிள்ளைகள் கார்பன். மாமன் காலி இடத்தில் உட்கார்ந்ததும், ஹைட்ரஜனாக நியமிக்கப்பட்ட சித்தப்பாக்கள் பிள்ளைகளின் கையைப் பிரித்துவிட்டு, அவரை மட்டும் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் சுத்தமான டீசல். இடம் மறுபடி காலி, அடுத்த கந்தகம் வரலாம்.

என்னையும் விடவில்லை. "நீ கோபால்ட்டு. சும்மா பக்கத்துல நில்லு, வேலை சீக்கிரமா நடக்கும்."

வாசலில் மாமன் செருப்பை மாட்டிக்கொண்டார். இந்தச் சம்பந்தம் நடந்தால் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று கத்தினார். பெண்ணின் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. சரி, இதுவும் போச்சு என்று நான் பஸ்ஸுக்குச் சில்லறை தேட ஆரம்பித்தேன்.

கதவோரம் நின்ற பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பெஞ்சுலயே கந்தகம் இருக்குன்னீங்க. எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டா பெஞ்சு என்னாவும்?"

திகைத்துப்போனான். இத்தனை வருஷத்தில் அவன் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கேள்வி கேட்டவர்கள் யாருமில்லை, நான் உட்பட. "கெட்டுடுங்க," என்றான் மெதுவாக. "அதுக்குள்ள கந்தகம் இருக்கணும். இல்லன்னா வேலையே நடக்காது."

"அப்ப மாமாவ உள்ள கூப்பிடுங்க."

அவனே ஓடிப்போய் மாமன் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, காபி கேட்டார்.

கல்யாணத்தன்று மேடையிலிருந்து, "கோபால்ட்டு, பக்கத்துல வந்து நில்லுடா" என்று கூப்பிட்டான். போய் நின்றேன். ஹோமப் புகையைப் பார்த்ததும் அய்யரிடம் ஆரம்பித்துவிட்டான். கிள்ளச் சொல்லி மாமன் எனக்குக் கண்ணைக் காட்டினார். நாளையிலிருந்து அறையில் எனக்கு இந்தத் தொல்லை கிடையாது என்று நினைத்ததும், பாவி, பேசிவிட்டுப் போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டேன்.