பொருத்தம் அண்ணையின் காது மெஷின்

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை, பொருத்தம் அண்ணை ஒரு கதிரையில் ஒழுங்காக இருந்ததைக் கண்டவர் எவருமில்லை. மனிதர் கலியாணத் தரகர். தேத்தண்ணியையும் நடந்துகொண்டேதான் குடிப்பார். எடுத்த சம்பந்தத்தைத் தாலி ஏறும்வரை விடமாட்டார். மாப்பிள்ளைக்கு மொட்டை விழுந்திருந்தால், "நல்ல அகலமான நெத்தி" என்பார்.

அப்படிப்பட்டவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வெளியே தெரிந்தால் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள், தொழில் போய்விடும் என்று பதறினார். அவருடைய வீட்டு மேல்மாடியில் குடியிருந்த பாவத்துக்கு என்னையும் காது மெஷின் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கடைப் பிள்ளை மூன்று விதம் எடுத்து வைத்தாள். காதுத் துவாரத்துக்குள் ஒளிந்துகொள்வது ஒன்று, காதுக் குழியை நிரப்புவது ஒன்று, காதுக்குப் பின்னால் கொளுவுவது ஒன்று. அண்ணை பெண் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

"இந்தச் சின்னன் நல்ல அடக்கம். ஒருத்தற்ற கண்ணிலயும் படாது. இதையே முடிப்பம்."

"ஐயா, உங்கட காதுக்கு அதின்ர சத்தம் காணாது. பெட்டரி மாத்தவும் கஷ்டம், உங்கட விரல் நடுங்குது. பின்னால போடுறதுதான் ஒத்துவரும்."

"அது றோட்டுக்கு அங்கால நிண்டாலும் தெரியும், பிள்ளை."

"வடிவைப் பாக்காதேங்கோ, குணத்தைப் பாருங்கோ எண்டு ஊருக்கெல்லாம் நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?" என்றேன்.

"அது மற்ற ஆக்களுக்குத் தம்பி," என்று எழும்பிக் கடையைச் சுற்றி வந்தார்.

கடைசியில் பெரியதையே வாங்கினார். அதை மறைக்கத் தலைமயிரையும் வளர்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

அந்தக் கோலத்தில்தான் என் தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஹோலில் இருந்தார்கள். அண்ணை வழக்கம்போல ஹோலுக்கும், தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்த குசினியின் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். திடீரென்று குசினி வாசலில் நின்றார். திரும்பி வந்து எல்லோருக்கும் முன்னால் கும்பிட்டார்.

"மன்னிக்கோணும். பிள்ளை பிறந்த நேரத்தை நான் ஃபோனில பிழையாக் கேட்டுப்போட்டன். சாதகம் பொருந்தாது." தலைமயிரை ஒதுக்கி மெஷினைக் காட்டினார். "எனக்குக் காது மந்தம்."

மாப்பிள்ளையின் தாய் அவரை வாயில் வந்தபடி ஏசினார். அடுத்த நாளே அந்தக் கதை வெள்ளவத்தை முழுக்கப் பரவும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் போனதும் படிக்கட்டில் அவரை மறித்தேன்.

"நேரம் சரிதானே அண்ணை?"

"சரிதான்."

"அப்ப ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"குசினிக்குள்ள உன்ர தங்கச்சி ஃபோனில ஆருக்கோ மெல்லமாச் சொல்லி அழுதவள். தனக்கு விருப்பமில்லையாம், வீட்டில சொல்லப் பயமாம்." காதைத் தடவினார். "முந்தியும் எத்தினை பிள்ளையள் அழுதுதுகளோ தம்பி. எனக்குக் கேக்கேல்லை."

அந்த மனுசனின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்குள் அவர் படியிறங்கிப் போய்விட்டார்.