உள்ளறைத் திருநீறு

அந்த வருசம் கொக்குவில் ஸ்ரேசனில் இறங்கியவர்கள் யாரிடமும் வழி கேட்கவில்லை. கை நடுங்குகிறவர் பின்னால் போனால் போதும், ‘நடுக்கம் தீர்த்த’ ஆழ்வாப்பிள்ளைச் சாமியின் வளவு வந்துவிடும்.

மயிலிட்டி நாகேஸ்வரியும் அப்படித்தான் வந்தாள். கடலுக்குப் போகும் கணவர் கனகசபாபதிக்கு மூன்று வருசமாகக் கை நடுக்கம், கால் விறைப்பு. பெரியாசுப்பத்திரிக்குப் போகச் சொல்லி டாக்குத்தர் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. சாமியிடம் வரக் கிடைத்தது.

சாமி உள்ளறைக்குப் போய் ஒரு பொட்டலம் திருநீறு கொண்டுவந்து, அதில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கனகசபாபதி ஓங்கரித்துச் சத்தி எடுத்தார்.

“பேய் இறங்குது!” என்றார் சாமி. சனம் அரோகரா போட்டது.

ஒரு மணித்தியாலத்தில் கனகசபாபதி, கை தேறினால் பார்க்கலாம் என்று கொண்டுவந்திருந்த கிழிந்த மீன்வலையில் நாலு கண் முடிந்துவிட்டார். நாகேஸ்வரி அழுதே விட்டாள். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோன பொட்டலம் முடிந்ததும் நடுக்கம் திரும்பி வந்தது.

“பேய் உங்கடை வள்ளத்திலைதான் குடியிருக்கு. வாற வெள்ளி அதை என்ரை பேருக்கு எழுதி விடுங்கோ” என்றார் சாமி.

பேய் பிடித்த வள்ளத்தைத் தானே ஏற்றுக்கொள்ள எவ்வளவு பெரிய மனது வேண்டும்! அந்த வீட்டில் உலை கொதிப்பதே அந்த வள்ளத்தால்தான்.

நாகேஸ்வரியின் தங்கை பத்மாசினி ஆசுப்பத்திரியில் மருந்து கலந்து கொடுப்பவள். கதையைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“அக்கா, தட்டத்திலை திருநீறு மலைமாதிரிக் கிடக்க, அவர் ஏன் உள்ளுக்கை போறார்?”

வெள்ளிக்கிழமை நாகேஸ்வரி தங்கையையும் கூட்டிவந்து, சபை நடுவே எழுந்தாள்.

“சாமி, இண்டைக்கு இந்தத் தட்டத்துத் திருநீறு குடுக்கட்டோ? உதுவும் உங்கடை அருள்தானே?”

இல்லையென்று சாமி எப்படிச் சொல்வார்? குடித்துவிட்டுக் கனகசபாபதி ஒரு மணித்தியாலம் இருந்தார். வலையில் ஒரு கண்கூட விழவில்லை.

பிறகு பத்மாசினி எல்லாரும் பார்க்க ஒரு குளிசையைப் பொடியாக்கி, வீட்டு அடுப்புச் சாம்பலில் கலந்து நீட்டினாள். மந்திரம் இல்லை, சூடம் இல்லை.

“குடியுங்கோ, அத்தான்.”

கொஞ்ச நேரத்தில் அவர் சத்தி எடுத்தார். “பேய் இறங்குது!” என்று சனம் பழக்கதோசத்தில் கத்தியது. அதற்குப் பிறகு வலையில் கண் விழுந்தது, ஒன்றல்ல, ஆறு.

“அடுப்புச் சாம்பலுக்கும் அருள் வந்திட்டுதோ?” என்றாள் பத்மாசினி. “உது மூளையிலை குறைஞ்ச சத்தை நிரப்பிற புதுக் குளிசை. சத்தி வாறதும் உதாலைதான்.”

நாகேஸ்வரி உள்ளறைக் கதவைத் தள்ளினாள். சின்ன உரல், உலக்கை, அதே குளிசைப் போத்தல்கள். சாமி கொழும்பில் பத்து வருசம் மருந்துக்கடையில் நின்ற பூர்வாசிரமம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. சாமியோ பின்மதில் ஏறிச் சித்தியடைந்துவிட்டார்.

கூட்டத்தில் ஒருவர் பயபக்தியோடு கிட்ட வந்தார்.

“பிள்ளை, உந்த அடுப்பு எங்கை இருக்கு? எனக்கும் கொஞ்சச் சாம்பல் தாவன்.”

நாகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஐயா, மூளையிலை வருத்தம் என்ரை மனிசனுக்கு. நல்ல மூளையோடை வந்து இருந்த எங்களுக்கு என்ன வந்தது? அதைக் கொஞ்சம் பாவிச்சுப் பாப்பம்!”