மூன்றாம் பாலத்தில் நாலு செகண்ட்

மொரீஷியஸில் சூரியன்கூடக் குரோனோவிடம் நேரம் கேட்டுக்கொண்டுதான் உதித்தது. காலையில் ரோஸ் பெல் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அவர் கரும்புக் காட்டைப் பார்த்து முகம் சுளித்தால், அன்று சூரியன் தாமதம் என்று நாங்கள் புரிந்துகொள்வோம். பஸ் தாமதமானால் முகம் சுளிக்கமாட்டார். ஓட்டுநரிடமே போய் எத்தனை செகண்ட் என்று சொல்லிவிடுவார்.

கழுத்தில் கறுப்புக் கயிற்றில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அதற்குக் குரோனோ என்று பெயர். அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. தீவு முழுக்க ஏற்றுமதித் தொழிற்சாலைகள் காளான்போல முளைத்த காலம். அவற்றில் ஒரு ஸ்வெட்டர் ஃபேக்டரியில், ஸ்வெட்டரின் ஒரு கையைத் தைக்க ஒரு பெண்ணுக்கு எத்தனை செகண்ட் ஆகிறது என்று பின்னால் நின்று அளப்பது அவர் வேலை. அப்படிப்பட்டவரை எந்தப் பெண்ணுக்குப் பிடிக்கும்? "குரோனோ வருது, மூச்சை அப்புறம் விட்டுக்கலாம்" என்பார்களாம்.

ஆனால் அவர் நேரம் குறிக்கும் தாளில் இரண்டு பத்திகள் உண்டு. ஒன்றின் தலையில் 'கை' என்றும் மற்றதன் தலையில் 'மெஷின்' என்றும் எழுதியிருப்பார். நூல் அறுந்தால், ஊசி உடைந்தால், கரண்ட் மங்கினால் அந்த நேரமெல்லாம் மெஷின் பத்திக்குப் போய்விடும். ஒரு நாள் மேனேஜர் கத்தினாராம்: "நீ யாருக்கு வேலை பார்க்கிறே?"

"கடிகாரத்துக்கு, மிஸ்யே."

அந்தப் பழக்கம் ஃபேக்டரி வாசலோடு நிற்கவில்லை. கோயிலில் தீமிதியை அளந்தார். தலைவர் வந்து, சாமி காரியத்துக்குக் கடிகாரம் வேண்டாமென்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். இந்தியாவிலிருந்து புதிதாக வந்திருந்த குருக்களிடம், "ஐயா, வெள்ளிக்கிழமை மந்திரம் நாலு நிமிஷம். சனிக்கிழமை ரெண்டரை. மீதி எங்க?" என்று கேட்டார். சொந்தக் கல்யாணத்தில் போட்டோக்காரரின் பிளாஷ் மூன்று தடவை எரியாமல், அவர் தாலியைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்கவேண்டியதாயிற்று. அப்போதும் மணப்பெண்ணிடம் திரும்பி, "கை ரெடி. மெஷின் லேட்" என்று தன் பக்க நியாயத்தைப் பதிவு செய்தாராம்.

இவருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது வீடியோ கேமால். நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே ஒரு கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். என் வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பது தெரிந்த ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியர், புதிதாக வரும் ஆட்டங்களைப் பற்றி எழுதச் சொன்னார். தீவில் அந்த வேலைக்கு அப்போது என்னைத் தவிர யாரும் இல்லை. ஆகவே நானே தலைசிறந்த விமர்சகன். கேசட் வாடகைக் கடை வைத்திருந்த வேலா, கடையின் பின்னறையில் நாலு டிவி போட்டு ஆட்டங்களை ஓடவிட்டிருந்தார். புது ஆட்டம் வந்தால் முதலில் என் வீட்டுக்குத்தான் அனுப்புவார். பிறகு என் கட்டுரையை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவார்.

முதல் கட்டுரை ஒட்டிய சனிக்கிழமையே குரோனோ என்னைப் பிடித்துக்கொண்டார். கோயில் மாலை வகுப்பில் கற்ற தமிழை என்னிடம் மட்டும்தான் பேசிப் பழகுவார்.

"சார், உங்க பேப்பர் படிச்சேன். கதை எழுதினீங்க. பாட்டு எழுதினீங்க. வானத்து கலர் எழுதினீங்க. பட்டன் அமுக்கினா மனுஷன் எப்போ குதிக்கிறான்? அது எழுதலை."

"அதெல்லாம் மெக்கானிக் பார்க்கவேண்டிய விஷயம், குரோனோ."

"அலோர், அப்படின்னா சார், நான் அமுக்கறேன். அவன் யோசிக்கறான். அப்புறம் குதிக்கறான். அதுக்குள்ள நான் செத்தாச்சு. யார் தப்பு? கையா, மெஷினா?"

அதன்பிறகு வாரம் தவறாமல் ஒரு தாள் வந்தது. ஆட்டம் டிவியில் ஏற எத்தனை நிமிஷம், எந்தக் கட்டத்தில் படம் திணறுகிறது, எத்தனை தடவை மெஷினை அணைத்துப் போடவேண்டியிருந்தது எல்லாம் இரண்டு பத்தியில் இருக்கும். எனக்கு ஒரே ஆச்சரியம். ஆட அல்லவா வருகிறார்கள் எல்லோரும்? இந்த மனிதர் விடுமுறை நாளிலும் வேலை பார்க்கிறாரே, ஏன்? கேட்டேன். குரோனோ என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சார், ஃபேக்டரில பொண்ணுங்க தோத்தா, என் கை மோசம்னு வீட்டுக்குப் போய் அழுவாங்க. இங்கயும் அதே. மெஷின் நிக்குது, ஆடறவங்க தன் கையைப் பார்க்கறாங்க."

அவர் தாள்களை நான் கணக்கு நோட்டுகளுக்கு அடியில் வைத்தேன். ஒன்றைக்கூட அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஏன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தைக் கலை என்று எழுதினால் நான் கலை விமர்சகன். படம் திணறுகிறது என்று எழுதினால் ரிப்பேர்காரன். தவிர, குறை சொன்னால் அடுத்த ஆட்டம் என் வீட்டுக்கு முதலில் வராது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

பாலங்களைத் தாண்டிக் குதித்துக் கடிதம் கொடுக்கும் தபால்காரன் ஆட்டம் ஒன்று வந்தது. மூன்றாம் பாலத்தில் காகங்கள் வரும். ஐந்துக்கு மேல் சேர்ந்தால் படம் அப்படியே உறைந்துவிடும். என் வீட்டிலேயே இரண்டு முறை உறைந்தது. நான் எழுதினேன்: "காகங்களின் முன் தபால்காரன் ஒரு கணம் நிற்கிறான், தன் வாழ்வைப் பற்றிச் சிந்திக்கிறான் போலும். இந்த ஆட்டம் இங்கே ஆழம் பெறுகிறது."

குரோனோ அதை இரண்டு முறை படித்தார். "சார், அவன் சிந்திக்கலை. மாட்டிக்கிட்டான்."

கடற்கரை ஹோட்டல் ஒன்று, விருந்தாளிகளின் பிள்ளைகளுக்காக அந்த ஆட்டத்தை வேலாவிடம் மொத்தமாக வாங்க யோசித்தது. விளம்பரத்துக்காகக் கடையில் ஒரு போட்டி வைத்தார்கள். வேகமாக ஐந்து பாலத்தையும் தாண்டுபவர், துணைக்கு ஒருவரோடு, அந்த ஹோட்டலில் இரண்டு இரவு தங்கலாம். நான் நடுவர். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் க்யூர்பிப் நகரத்திலிருந்து வந்த ஒரு பேங்க் குமாஸ்தாவும், குரோனோவின் ஃபேக்டரியில் தைக்கும் செல்வினாவும். அவள் விரல்கள் பட்டனில் அடித்த வேகத்தை நான் கணக்கு வகுப்பில் உதாரணமாகச் சொல்லியிருக்கலாம்.

"யாரைக் கூட்டிட்டுப் போவே?" என்று வேலா கேட்டார். (அங்கே பேச்சு கிரியோலில்தான், என் தமிழில் தருகிறேன்.)

"அம்மாவை. அந்த ஹோட்டல் லாண்டரியிலதான் வேலை. அந்தப் போர்வையை எல்லாம் துவைக்கத் தெரியும். ஒரு நாளாவது அதுல படுக்கட்டுமே."

கூட்டம் கைதட்டியது. ஹோட்டல்காரரும் தட்டினார்.

குமாஸ்தா முதலில் ஆடினார். எத்தனை காகம் வரும் என்பது ஆட்டத்தின் இஷ்டம். அவருக்கு மூன்றுதான் வந்தது. செல்வினாவுக்கு ஏழு. மூன்றாம் பாலத்தில் தபால்காரன் காற்றில் தொங்கியபடி நின்றான். படம் நின்றதே தவிர, மூலையில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தின் கடிகாரம் நிற்கவில்லை. பின்வரிசையில் ஒரு 'கிளிக்'. பிறகு தபால்காரன் அசைந்தான். இன்னொரு 'கிளிக்'.

செல்வினா மூன்று செகண்ட் வித்தியாசத்தில் தோற்றாள்.

"நாலு செகண்ட்!" குரோனோ பெஞ்சுமேல் ஏறி நின்றார். "நாலு செகண்ட் மெஷின்! அவளுக்குத் திருப்பிக் கொடு!"

செல்வினாவோடு வந்திருந்த ஃபேக்டரிப் பெண்கள் அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை வருஷமாக அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஓடிய கடிகாரம், முதல்முறை அவர்களுக்காக வாயைத் திறந்திருந்தது. வேலாவின் முகத்தில் வேர்வை. ஹோட்டல்காரர் என்னைப் பார்த்தார். வேலா சிரிக்க முயன்றபடி, "நடுவர் இருக்காரே! ப்ரொஃபெசர், நீங்க இந்த ஆட்டத்தை வீட்டிலயே ஆடிப் பார்த்தவர். படம் நின்னதா?" என்றார்.

நான் பார்த்திருந்தேன். என் வீட்டில் இரண்டு முறை, இங்கே ஒரு முறை.

"குறை எதுவும் என் கண்ணில் படவில்லை" என்றேன்.

"விடு, குரோனோ" என்றாள் செல்வினா, கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே. "என் கைதான் தப்பு."

யாரோ சிரித்தார்கள். "உன் வாட்சுக்குச் சாவி குடு, குரோனோ!" என்று ஒருவன் கத்தினான். குரோனோ பெஞ்சிலிருந்து மெதுவாக இறங்கினார். தாளில் ஏதோ எழுதி, மடித்து, என் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் பிரித்தேன். 'கை' என்ற பத்தியில் பூஜ்யம். 'மெஷின்' பத்தியில் நாலு. பக்கத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்து மூன்றாவது பத்தி. அதன் தலையில் 'கண்' என்று எழுதியிருந்தது. கீழே எண் எதுவும் இல்லை.

அதற்குப்பின் வேலா கடைக்கு அவர் வரவில்லை. தாள்களும் வரவில்லை. நான் மேலும் சில வருஷம் ஆழம் கண்டுபிடித்துக்கொண்டிருந்துவிட்டு நிறுத்தினேன். இன்றும் எங்காவது விமர்சனத்தின் கடைசிப் பத்தியில் 'சில சிறு குறைகள் இருந்தாலும்' என்ற வரியைப் படித்தால், யாரோ ஒருத்தி தன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது.

ஃபேக்டரி மூடி, நான் ஓய்வு பெற்று, இருபது வருஷத்துக்குமேல் கழிந்தது. ஒரு காவடித் திருநாளில் கோயிலில் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். அடுத்த இலையில் குரோனோ. தலை முழுக்க நரை; கழுத்தில் அதே கறுப்புக் கயிறு.

"சார், ரசம் இன்னும் வரலை. ஆறு நிமிஷம்" என்றார், நேற்றுப் பிரிந்தவர்போல.

"குரோனோ, உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும்" என்று தொடங்கினேன். அவர் வாட்சை எடுத்து அழுத்தினார். 'கிளிக்'. நான் இலையைப் பார்த்தேன். பூசணிக் கறியைப் பார்த்தேன். கடைசியில், "படம் நின்றது. நான் பார்த்தேன்" என்றேன்.

அவர் வாட்சை நிறுத்தவில்லை. "எனக்கு இல்ல, சார்" என்று கையை நீட்டினார். ரசவாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தது செல்வினா. தலையில் பாதி நரைத்திருந்தது.

அவளிடமும் சொன்னேன், என் ஓட்டைக் கிரியோலில். பந்தியே கேட்டது. அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"அம்மா போய்ட்டாங்க, மிஸ்யே. அந்தப் போர்வையில படுக்கவே இல்ல." பிறகு தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். "நான் இத்தனை வருஷம் இதுமேல கோபமா இருந்தேனே!" என்றவள், என் இலையில் ரசத்தை ஊற்றினாள். கொஞ்சம் வேகமாகத்தான் ஊற்றினாள்.

'கிளிக்.'

நான் குரோனோவைப் பார்க்கத் துணியவில்லை. தீவின் மிகக் கறாரான விமர்சகர் அவர். எனக்கு என்ன தீர்ப்பு எழுதுவாரோ? அவர் வாட்சின் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் இலையிலிருந்த அப்பளத்தில் பாதியை உடைத்து என் இலையில் வைத்தார்.

"ஏறறதுக்கு ரொம்ப நேரமாச்சு, சார்" என்றார். "ஆனா நடுவுல நிக்கலை."

எனக்குத் தெரிந்து குரோனோ யாருக்காவது சலுகை காட்டியது அந்த ஒரு முறைதான்.