இடம் கொடுக்காதவர்

அளந்து கொடுப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் பாயச வாளியோடு வரும்போது, இலையைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்து, இந்த ஆளுக்கு அரைக் கரண்டி போதும் என்று தீர்மானிக்கிறாரே, அவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் வால்வின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக உலாவுகிறாரே, அவர். பாயசம் அவர் வீட்டுப் பாலில் வைத்ததல்ல. தண்ணீர் அவர் கிணற்றில் ஊறியதல்ல. ஆனால் கரண்டி அவர் கையில். அது போதாதா?

இந்த இனத்தில் மேலான வகை, கண்ணுக்கே தெரியாத பொருளை அளந்து கொடுப்பவர். அப்படி ஒருவரோடு நான் புனேயில், விமான் நகரில், இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டை ஒட்டி ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தேன். பெயர் சந்தானம். மாயவரத்துக்காரர். எங்களுடையது தொழிற்சாலைகளுக்கு இயந்திர பாகங்களின் வரைபடம் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனி. எல்லாருடைய வரைபடங்களும், வந்த கடிதமும் போன கடிதமும், குளிரூட்டிய ஓர் அறையில் இருந்த பெரிய கணினியில்தான் சேரும். அதுதான் சர்வர். அந்த அறைக்குள் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் சந்தானம்.

சர்வர் நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளும்படி எங்கள் மேலாளர் பெண்ட்சே ஒருநாள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். போகிறபோக்கில் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்வது இந்த இனத்தின் முதல் லட்சணம். அடுத்த திங்கட்கிழமை ஆளுக்கு நூறு மெகாபைட் என்று கோட்டா வந்துவிட்டது. பெரிய வரைபடம் ஒன்றை நான்கு முறை திருத்திச் சேமித்தால் நூறு முடிந்துபோகும். எண்பதைத் தாண்டினால் திரையில் மஞ்சள் எச்சரிக்கை வரும். நூற்றைத் தொட்டால் சிவப்பு. அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூடச் சேமிக்க முடியாது. பெண்ட்சேவுக்கு மட்டும் வரம்பு கிடையாது. சந்தானத்துக்கும் கிடையாது. சாமிக்கும் பூசாரிக்கும் எங்கேயாவது வரம்பு உண்டா?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்று பழமொழி சொன்னவன் அந்தக் காலத்திலேயே சர்வரை எங்கே பார்த்தானோ, தெரியவில்லை.

இடம் கேட்டுப் போகிறவருக்கு அங்கே ஒரு முறை உண்டு. கதவைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும். சந்தானம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலை உயர்த்துவார். நிற்க வேண்டும். பிறகு திரும்பி, வந்தவர் கணக்கைத் திறந்து, மருத்துவர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பார்ப்பார். தீபாவளி வாழ்த்துப் படம் ஒன்று இருக்கும். அண்ணன் குழந்தை தவழும் புகைப்படம் இருக்கும். இதெல்லாம் கம்பெனி வேலையா என்று கேட்பார். குரலை உயர்த்தவே மாட்டார். குழந்தையை அழித்துவிட்டு வரச் சொல்வார். அழித்துவிட்டு வந்தால் ஐந்து மெகாபைட் கிடைக்கும், ஒரு வாரத்துக்கு. அந்த வாரத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் கருணைக் காலம். வெளியே வரும்போது நாங்கள் நன்றி சொல்வோம். எங்கள் கம்பெனி, எங்கள் வேலை, எங்கள் வரைபடம். நன்றி அவருக்கு.

எங்கே ரேஷன் இருக்கிறதோ அங்கே பக்கத்துத் தெருவில் ஒரு கடையும் முளைக்கும். எங்கள் ஆபீசில் அந்தக் கடையைத் திறந்தவர் கணக்குப் பிரிவு ஸ்டீபன். அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனே. அவர் பேச்சில் தமிழும் இந்தியும் ஒரே வாக்கியத்தில் பாதிப் பாதி வாடகைக்கு இருக்கும். அவருடைய கணக்கு ஏடுகளுக்குப் பத்து மெகாபைட்டே அதிகம். மீதித் தொண்ணூறும் சும்மா கிடந்தது.

“அரே, என் ஜாகா பூரா காலி கிடக்கு. உன் சாமானைக் கொண்டாந்து போடு” என்று முதலில் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். இரக்கம் ஒரு வாரத்தில் கீழ்வாடகையாக மாறியது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இடம் அவருக்கென்று காலியாக இருக்கத் தொடங்கியது. நாலு மணிக்குச் சமோசா தானாக மேசைக்கு வந்தது. விஷ்ராந்த்வாடியில் இறங்கி அவர் வீட்டுக்கு நடக்கும்போது பையைத் தூக்கிக்கொண்டு கூடவே இரண்டு இன்ஜினியர்கள் நடந்தார்கள். ஸ்டீபனுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. சமோசாவை மறுக்கும் அளவுக்கு இல்லை.

இந்த நிலையில்தான் கிரிஜா வந்து சேர்ந்தாள். கோயம்புத்தூர்ப் பெண். படித்து முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. தகுதிகாண் காலம் முடியவில்லை. ரஞ்சன்காவ் தொழிற்சாலை ஒன்றுக்கு ஓர் அச்சுக்கருவியின் வரைபடத்தை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். அது சரியாக முடிந்தால் வேலை நிரந்தரம், முடியாவிட்டால் ஊருக்கு ரயில் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. மதியச் சாப்பாட்டைக்கூட மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு வரைந்தாள். புதிதாக வந்தவள், ஸ்டீபன் கடை அவளுக்கு இன்னும் தெரியாது.

வரைபடத்தை அனுப்ப வேண்டிய நாளன்று கடைசித் திருத்தத்தைப் போட்டுச் சேமித்தாள். சிவப்பு வந்தது. சேமிக்க இடமில்லை என்றது சர்வர். போகட்டும், முன்பு சேமித்ததாவது இருக்குமே என்று திறந்தாள். கோப்பின் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. புதியதை வைக்கப் பழையதை எடுத்துப் போட்ட சர்வர், புதியதை வைக்க இடம் இல்லாமல் வெறுங்கையை விரித்துவிட்டது.

அவள் அழவில்லை. எழுந்து சர்வர் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். வேடிக்கை பார்க்கத்தான், பொய் சொல்வானேன். சந்தானம் விரலை உயர்த்தினார். அவள் நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் வருத்தம் வேறு, விதி வேறு. கூடுதல் இடம் வேண்டுமென்றால் மின்னஞ்சலில் எழுதிக் கேட்க வேண்டும் என்றார். மின்னஞ்சலும் அதே நூறு மெகாபைட்டுக்குள்தான் வருகிறது, நூறு நிரம்பியதால் அதுவும் போகவில்லை என்றாள் அவள். அதனால்தான் எண்பதிலேயே எழுதியிருக்க வேண்டும் என்றார் அவர். நகல் எடுத்து வைத்திருப்பீர்களே என்று கேட்டாள். எண்பதைத் தாண்டியவர்களின் கணக்கை நகல் எடுப்பதில்லை, ஒழுங்கு வர வேண்டும் என்பதற்காக, என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கிரிஜாவின் கண் அவருக்குப் பின்னால் இருந்த திரையில் போய் நின்றது. ஒரு வட்டம். அதில் ஓரத்தில் மெல்லிய கீற்றாகச் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை.

“அந்தப் பச்சை என்னங்க சார்?”

“அது காலி இடம்.”

“அத்தனையுமா காலியா இருக்குதுங்க?”

“அது காலியா இருக்கறதுதாம்மா என் வேலை” என்றார் சந்தானம். சொல்லும்போது அந்த வட்டத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கழுவிக் கவிழ்த்த வெண்கலப் பாத்திரத்தைப் பார்க்கும் பார்வை அது.

கிரிஜா அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நேரே பெண்ட்சேவிடம் போய், பச்சை வட்டத்தைப் பற்றிச் சொல்லி, அப்புறம் கோட்டா எதற்கு என்று மட்டும் கேட்டாள். சந்தானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பேருந்து பிடித்து ரஞ்சன்காவுக்கே போய்விட்டாள். அங்கே போர்மேனின் மேசையில் இருந்த கணினியில், அவருடைய முணுமுணுப்பையும் திட்டையும் தாங்கிக்கொண்டு, நினைவில் இருந்ததை முதலிலிருந்து வரைந்தாள். இரண்டாம் முறை வரைந்தபோது முதல் முறை கவனிக்காத ஒரு தவறு கண்ணில் பட்டது. அதைத் திருத்தியும் கொடுத்தாள். போர்மேன் அதற்குப் பிறகு திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தாராம். அவள் வேலை நிரந்தரமானது.

பெண்ட்சே சர்வர் அறைக்குப் போய்ப் பச்சை வட்டத்தைப் பார்த்தார். அன்றைக்கே கோட்டா ரத்து. ஆபீசில் லட்டு கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு சந்தானத்தின் கதவை யாரும் தட்டவில்லை. எதற்குத் தட்ட வேண்டும்? ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஸ்வெட்டரோடு வெளியே வர ஆரம்பித்தார். வரவேற்பு மேசையில் இருந்த காவ்யாவிடம் போய், கணினி மெதுவாக ஓடுகிறதா என்று விசாரித்தார். நன்றாக ஓடுகிறது சார் என்றாள் காவ்யா. எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிகிறதா என்றார். தெரிகிறது சார் என்றாள். இன்னும் ஏதாவது கேட்பதற்கு இருக்கிறதா என்று யோசித்தபடி சற்று நின்றார். இல்லை. திரும்பிப் போனார். அன்றைக்கு எனக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இருந்தது. ஸ்டீபனைப் பார்த்தும்தான். சமோசா நின்றுபோய், பஸ்ஸில் நடுவில் நின்றுகொண்டு வந்தார்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பது பழமொழி. நாங்கள் மடத்தைப் பிடுங்கி, மடத்துக்குள் கல்யாணமும் நடத்தினோம். கல்யாணம் பெண்ட்சேவின் மகனுடையது. கோத்ரூடில் நடந்த முகூர்த்தம், வரவேற்பு, சாப்பாட்டுப் பந்தி, எல்லாம் வீடியோவாகச் சர்வரில் ஏறியது. மேலாளரே ஏற்றினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பாட்டு ஏறியது, சினிமா ஏறியது, ஒரே சினிமா மூன்று பேர் பெயரில் ஏறியது. கிரிஜாவுக்குப் பக்கத்து மேசை முகுந்த் ஊரிலிருக்கும் மாமா பையன்களுக்கெல்லாம் சேர்த்துப் படம் சேமித்தான். பச்சை வட்டம் மழைக்காலம் முடிவதற்குள் முழுச் சிவப்பானது. ஒருநாள் காலை யாராலும் எதையும் சேமிக்க முடியவில்லை. கடிதம் வரவில்லை, போகவில்லை. ஆபீஸ் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இப்போதுதான், வாசகரே, நான் உங்களுக்குச் சொல்ல வந்த காட்சி. சந்தானத்தின் கதவை மறுபடியும் தட்டினார்கள். ஆனால் ஒருவர் போகும்போது இன்னொருவர் போகவில்லை. தனித்தனியாக, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போனார்கள். சந்தானமே பிற்பாடு எனக்குச் சொன்னார். வந்த ஒருவர்கூட என் கோப்பை அழித்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லையாம். ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சொன்னார்களாம். ஸ்டீபன், பொதுநலன் கருதி, எல்லாருக்குமே பழையபடி நூறு மெகாபைட் வைத்துவிடலாம் என்றார். முகுந்த் கணக்குப் பிரிவில் ஏகப்பட்ட குப்பை இருப்பதாகச் சந்தேகப்பட்டான். பெண்ட்சே தொலைபேசியில் கூப்பிட்டு, கல்யாண வீடியோவைத் தவிர மற்றதிலெல்லாம் கண்டிப்பு வேண்டும் என்றார்.

கிரிஜாவும் வந்தாள். வரைபடத்தைப் பறிகொடுத்த அதே கிரிஜா. அவள் வரும்போது நான் அந்த அறைக்குள்தான் இருந்தேன். (எதற்கு இருந்தேன் என்று கேட்காதீர்கள். நானும் ஒரு பெயர் சொல்லத்தான் போயிருந்தேன்.)

“கோட்டாவே கூடாதுன்னு சொன்னவ நீதானம்மா?” என்றார் சந்தானம்.

“இப்பவும் அதுதானுங்க சார் சொல்றேன்” என்றாள் கிரிஜா. “எனக்கு வேண்டாங்க. முகுந்துக்கு மட்டும் வெச்சாப் போதும்.”

சந்தானம் சிரிக்கவில்லை. எல்லாருடைய வேண்டுகோளையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், எல்லாவற்றையும் நிறைவேற்றினார். கிரிஜா கேட்டபடி முகுந்துக்கு வரம்பு வந்தது. முகுந்த் கேட்டபடி ஸ்டீபனுக்கு வந்தது. ஸ்டீபன் கேட்டபடி எல்லாருக்கும் வந்தது, கிரிஜாவுக்கும். நான் சொன்ன ஆளுக்கு வந்தது, அவன் என் பெயரைச் சொல்லியிருந்தபடியால் எனக்கும் வந்தது. கல்யாணம் மட்டும் தப்பியது. வேண்டியது கிடைத்த பிறகும் ஒரு முகத்திலாவது சந்தோஷம் இருந்ததா? அதுதான் இல்லை. அநியாயம் என்று பேசிக்கொண்டு பஸ் ஏறினோம்.

அளந்து கொடுப்பவர்கள் என்று இரண்டு மூன்று பேரைக் காட்டிவிட்டு, அது ஒரு தனி இனம் என்று நான் சொன்னது பிசகு. கரண்டி கையில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பக்கத்து இலைக்கு அரைக் கரண்டி போதும் என்று நினைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணி முடியாது. நீங்கள் அப்படி இல்லை என்கிறீர்களா? நல்லது, நம்புகிறேன். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்குமே. குளிர்சாதனப் பெட்டியின் ஒரு தட்டு முழுக்கத் தன் டப்பாக்களை அடுக்குகிறவரோ, மாடிக் கொடியில் தன் துணியே காயட்டும் என்று விரிக்கிறவரோ. இதை அவருக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று பக்கத்தை மடித்து வைத்திருப்பீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் சீக்கிரம் போங்கள். அவரும் இதைப் படித்துவிட்டு, உங்களுக்குக் காட்டத்தான் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.